உண்கலமே முதற் பள்ளி

இல்லறத்தார்க்கென நம் ஆசாரியர்கள் வகுத்த ஒழுக்கங்களுள் பெரும்பகுதி உணவைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. எதை உண்பது, எதை விலக்குவது, எப்பொழுதில் உண்பது, எவருக்கு ஈந்தபின் உண்பது, எந்நாளில் உண்ணாதிருப்பது என்னும் வினாக்களைச் சிராவகர் ஒழுக்க நூல்கள் மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசுகின்றன. இதில் வியப்பில்லை. மனிதன் பிற உயிர்களோடு மிக நெருங்கி உறவுகொள்ளும் இடம் அடுக்களையே. தன் பசியைத் தணிப்பதற்காக உலகில் எவ்வளவு துன்பத்தை விளைவிப்பது என்று நாள்தோறும் அவன் அங்கே முடிவு செய்கிறான். பெரும்பாலும் அவ்வாறு முடிவு செய்கிறோம் என்னும் உணர்வே இல்லாமல் செய்கிறான். அந்த உணர்வைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதே உணவு வழி அறக்கல்வி.

வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நம்மவர் கூடி வாழ்ந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியே எவரும் கற்பித்ததில்லை. பொழுது சாயும் வேளையில் அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் ஒரே நேரத்தில் உண்ண அமர்ந்தன. விளக்கேற்றும் நேரத்தில் அடுப்புகள் ஆறியிருந்தன. வீதியில் விளையாடும் பிள்ளையை எந்த வீட்டுப் பாட்டியும் அழைத்துச் சோறிட்டுவிடுவாள். தெருவே ஆசிரியராக இருந்தது. பணியின் பொருட்டுத் திண்டுக்கல் போன்ற ஊர்களில் குடியேறிய குடும்பங்களுக்கு அத்தகைய தெரு வாய்க்கவில்லை. அண்டை வீட்டார் இரவு 9 மணிக்கு உண்கின்றனர். பள்ளி முடிந்து, தனிப்பயிற்சி வகுப்பும் முடிந்து நம் பிள்ளை வீடு சேரும்போது மணி 8 ஆகிவிடுகிறது. ஆகவே, ஒரு தெரு செய்த வேலையை ஒரு வீடு தனித்து நின்று செய்ய வேண்டியிருக்கிறது. அதனை எவ்வாறு செய்வது என்பதையே இங்கே சிந்திக்கிறோம்.

பொழுதும் உணவும்

பிற வழக்கங்கள் குறைந்துவிட்ட இல்லங்களிலும் இறுதிவரை நிற்பது இரவு உண்ணாமையே. அதுவும் இப்பொழுது தளர்ந்து வருகிறது. பாட்டிமார் மட்டும் 6 மணிக்கு உண்டு எழுவதும், மற்றவர் தத்தமக்கு வாய்த்த நேரத்தில் உண்பதும் பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அவ்வாறு நிகழும்போது இழப்பு இரண்டு. விரதம் ஒன்று குறைகிறது. வீட்டார் ஒருங்கே அமர்ந்து உண்ணும் ஒரே வேளையும் போய்விடுகிறது. கதிரவன் மறைவதற்குள் உண்ண வேண்டுமெனில் எல்லோரும் ஒரே நேரத்தில் உண்டே தீர வேண்டும் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

காரணம் கூறாமல் பிள்ளைக்கு இதனை விதிக்கலாகாது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் முதலில் சொல்லித்தரும் விதி. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மாலையில் முற்றத்து மின்விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, அரைமணி நேரத்தில் எத்தனை வகைப் பூச்சிகள் வந்து சேர்கின்றன என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஈசல், விட்டில், பெயர் தெரியாத பச்சைப் பூச்சிகள், கண்ணுக்கு எட்டியும் எட்டாததுமான கொசு வகைகள். எண்ணி முடித்ததும் விளக்கை அணைத்துவிட வேண்டும். அவை தம் வழியே போகும். “முற்காலத்தில் மின்விளக்கு இல்லை, அதனால் இரவில் உண்ணவில்லை, இப்பொழுதுதான் வெளிச்சம் இருக்கிறதே” என்று கேட்கும் பிள்ளைக்கு வேறு விடை தேவைப்படாது. வெளிச்சம் மிகுந்தால் வரும் உயிர்களும் மிகுகின்றன என்பதை அவனே கண்டுவிட்டான்.

இரவு உண்ணாமைக்கு உடல்நலத்தைக் காரணமாகக் கூறும் வழக்கம் இக்காலத்தில் பெருகியுள்ளது. செரிமானத்துக்கு நல்லது, உறக்கத்துக்கு நல்லது என்கின்றனர். நல்லதாகவே இருக்கட்டும். ஆயினும் அதனை முதற்காரணமாக வைப்பதை நான் ஏற்பதில்லை. தன் நலத்துக்காக மேற்கொண்ட ஒன்றை, நலத்தைப் பற்றி வேறொருவர் வேறு விதமாகக் கூறிய அன்றே பிள்ளை கைவிட்டுவிடும். பிற உயிரின் பொருட்டு மேற்கொண்டது அவ்வளவு எளிதில் நழுவாது.

நம் ஊரில் கதிரவன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. நவம்பர் நடுவில் மாலை 6 மணிக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே மறைந்துவிடுகிறது; ஜூலைத் தொடக்கத்தில் 6.45 மணியை ஒட்டி மறைகிறது. இடையே ஏறத்தாழ 50 நிமிட வேறுபாடு. மறைவதற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னதாகவே உண்டு முடிப்பது முறையான ஒழுக்கம். மாடியில் நின்று மேற்கே கொடைமலைத் தொடரின் பக்கம் கதிரவன் இறங்குவதைப் பார்த்து, வாரம் ஒருமுறை நேரத்தைச் சுவர் நாட்காட்டியில் குறித்துவரும் பொறுப்பை எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். நாழிகைக் கணக்கும் புவியியலும் அதனோடு சேர்ந்து வந்துவிடும். வீட்டார் உண்ணும் நேரத்தை அறிவிக்கும் பெருமையும் பிள்ளைக்குக் கிடைக்கும்.

தனிப்பயிற்சி வகுப்புக்குச் செல்லும் பிள்ளையை என் செய்வது? பள்ளி விட்டு வந்ததும் 5 மணிக்குச் சிற்றுண்டி என்ற பெயரில் பொட்டலங்களைப் பிரித்துக் கொடுப்பதை நிறுத்தி, அதனையே முழு உணவாக ஆக்கிவிடுவது ஒரு வழி. சோறும் குழம்பும் 5 மணிக்கு உண்ண இயலாது என்பது பழக்கத்தால் வந்த எண்ணமேயன்றி வேறில்லை. வகுப்பு நடத்தும் ஆசிரியரிடம் பத்து நிமிட இடைவேளை கேட்டுக் கலத்தில் உணவு கொடுத்தனுப்புவது மற்றொரு வழி. கேட்பதற்கு நாணுகிறோம், ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொன்னால் மறுக்கும் ஆசிரியர் அரியர். இரண்டும் இயலாத நாட்களில் பிள்ளை இரவில் உண்ணட்டும். பெற்றோர் மட்டும் தம் நேரத்தில் உண்டு முடித்திருக்க வேண்டும். பிள்ளைக்காக நானும் காத்திருந்தேன் என்று தாய் 8 மணிக்கு உடன் உண்பது அன்பாகத் தோன்றும். அருகில் அமர்ந்து பரிமாறுவதும் அன்பே. அம்மா உண்டுவிட்டார், எனக்காகவே விழித்திருந்து பரிமாறுகிறார் என்று காணும் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையன்று தானாகவே பொழுதோடு வந்து அமரும்.

அந்த வேளையில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்க வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமோ? ஐந்து பரமேட்டிகளையும் வணங்கிவிட்டு உண்ணத் தொடங்கினால் போதும். அறிவுரைகளை உணவு வேளையில் வழங்காதிருப்பது நன்று. மதிப்பெண் பற்றிய விசாரணையை உணவோடு சேர்த்துப் பரிமாறினால் பிள்ளைக்கு இரண்டுமே கசக்கும்.

துணியில் தங்கியவை

நீரை வடிகட்டிப் பருகுதல் நம் இல்லங்களின் பழைய அடையாளம். இப்பொழுது பலர் வீட்டில் நீர் தூய்மிப்புப் பொறி வந்துவிட்டது, துணி மறைந்துவிட்டது. இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணக்கூடும். ஒன்றன்று. கிணற்று நீரை இரட்டையாக மடித்த துணியில் வடித்தபின், அத்துணியைக் கவிழ்த்து வடித்த நீரையே சிறிது ஊற்றி அலசி, அதில் தங்கிய நுண்ணுயிர்களை எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே மெல்ல விடுவது நம் முறை. பொறி நம்மைக் காக்கிறது. துணி நம்மையும் காத்து, அவற்றையும் காத்தது.

துணியால் வடிப்பது நம்மைக் காத்தது என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் சான்று உண்டு. நரம்புச் சிலந்தி என்னும் நோய் இந்நாட்டில் பல்லாயிரவரை முடக்கியது. குளத்திலும் படிக்கிணற்றிலும் வாழும் மிகச் சிறிய நீர்ப்பூச்சிகளை நீரோடு விழுங்குவதால் வருவது அது. மருந்தோ தடுப்பூசியோ அதற்கு இல்லை. பாதுகாப்பான நீர்நிலைகளும் துணியால் வடித்துப் பருகும் பழக்கமுமே அதனை ஒழித்தன. 1996-இல் இந்தியாவில் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றளித்தது. வங்காள தேசத்தில் பழைய புடவைத் துணியை நான்கு மடிப்பு அல்லது அதற்கு மேலும் மடித்து வடித்த ஊர்களில் வாந்திபேதி நோய் 48 விழுக்காடு குறைந்ததாக 2003-இல் வெளியான ஆய்வு கூறிற்று. இச்செய்திகளை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நம் முன்னோர் மூடநம்பிக்கையர் அல்லர் என்று அவர்கள் மகிழ்வர். ஆனால் துணியைக் கவிழ்த்து அலசிய கையை எந்த ஆய்வும் விளக்காது. அதனைப் பிள்ளை நம் வீட்டில்தான் காண வேண்டும். குழாய் நீரேயாயினும், வாரத்தில் ஒரு நாளாவது குடத்தின் வாயில் துணி கட்டிப் பிள்ளையின் கையால் நீர் பிடிக்கச் செய்யுங்கள்.

தேனும் பஞ்சாமிர்தமும்

கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குவது இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இதனை முதலில் வைக்கின்றன. ஆல், அரசு, அத்தி முதலிய ஐவகைப் பழங்களையும் விலக்குமாறு பிற ஆசாரியர்கள் கூறினர். ஏன் என்று பிள்ளை கேட்டால் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஒரு நாட்டு அத்திப்பழத்தை விண்டு காட்டுவதே போதும். உள்ளே ஊர்ந்து கொண்டிருக்கும் சிறு பூச்சிகளைக் கண்டபின் விளக்கம் வேண்டாம். அத்தியின் பூக்கள் காயின் உள்ளேயே இருத்தலால், அவற்றில் மகரந்தம் சேர்க்கும் குளவி உள்ளே புகுந்து முட்டையிட்டு வாழ்கிறது என்பதை இக்காலத் தாவரவியலும் கற்பிக்கிறது.

தேன் அவ்வளவு எளிதன்று. “பெட்டியில் வளர்க்கும் தேனீயைக் கொல்லாமலே தேன் எடுக்கிறார்களே, அதில் என்ன குற்றம்?” என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். கேட்க வேண்டிய கேள்வியே. எடுக்கும்போது நசுங்கும் உயிர்கள் உண்டு என்பது ஒரு விடை. அதற்கு மேலான விடை, அது பிறர் சேர்த்த உணவு என்பது. ஒரு தேனீ தன் வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்ப்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பர். அதனை நமக்கென்று அது தரவில்லை. எனவே தேன் விலக்கு கொல்லாமையோடு கள்ளாமையையும் சேர்த்துக் கற்பிக்கிறது. “அப்படியாயின் பால்?” என்று அடுத்த வினா வரும். கன்று குடித்தபின் கறந்த வீட்டுப் பசுவின் காலமும், பொட்டலப் பாலின் காலமும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவில்லை. வினாவை அடக்காமல், இயன்ற நாளில் பாலைக் குறைப்பதும் ஒரு தவமே என்று சொல்லி, பிள்ளை அதன்மேல் என் செய்கிறது என்று பொறுத்திருந்து பார்க்கலாம்.

இங்கே நம் வட்டாரத்துக்கே உரிய இக்கட்டு ஒன்று உண்டு. பழனிக்குச் சென்று வரும் அண்டை வீட்டார் அன்போடு பஞ்சாமிர்தம் கொண்டுவந்து தருகின்றனர். வாழைப்பழம், சர்க்கரை, நெய், ஏலக்காய் ஆகியவற்றோடு தேனும் சேர்ந்தது அது. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்ற அதன் புகழைக் கூறவேண்டியதில்லை. பிள்ளை என் செய்ய வேண்டும்? முகத்தைச் சுளித்து ‘வேண்டாம்’ என்பது கொல்லாமை ஆகாது. அது கொடுத்தவர் மனத்தைப் புண்படுத்தும் இன்னாச்செயல். வாங்கிக்கொண்டு மறைவில் கொட்டுவது பொய். இரு கைகளாலும் பெற்று, வணங்கி, “எங்கள் வீட்டில் தேன் சேர்ந்ததை உண்பதில்லை அத்தை, என் தோழியின் வீட்டில் கொடுத்துவிடட்டுமா?” என்று கேட்பது நேர்மை. கேட்கும் முறையை வீட்டிலேயே ஓரிரு முறை பேசிப் பழக்கியிருக்க வேண்டும். பிள்ளைகள் நாணுவது கொள்கையால் அன்று, சொல்லத் தெரியாமையால்.

பிறர் இலையைப் பழியாமை

திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும் என்று நாடறியும். கடைவீதியில் நடந்தால் அந்த மணத்தைக் கடந்தே செல்ல வேண்டும். பள்ளியில் நம் பிள்ளைக்கு இருபுறமும் அமர்ந்து உண்போர் பெரும்பாலும் ஊன் உண்பவரே. இவ்விடத்தில் நம் இல்லங்கள் பல தவறான ஆயுதத்தைக் கையில் எடுக்கின்றன. அருவருப்பே அந்த ஆயுதம். “சீ, அவர்கள் அதையெல்லாம் தின்பவர்கள், அருகில் அமராதே” என்று சொல்லி வளர்ப்பது எளிது. உடனே பயன் தரும். ஆயினும் அதனால் விளைவது உயிர் இரக்கம் அன்று, மனிதரைப் பழித்தல். அருவருப்பின்மேல் கட்டிய விரதம், அருவருப்பு நீங்கிய அன்றே வீழும். விடுதியில் சேர்ந்த முதலாண்டிலேயே, பழித்துப் பேசப் பழகிய பிள்ளைகள்தாம் விரைவில் மாறிவிடுகின்றனர் என்பது ஆசிரியர் பலர் கண்டது.

பள்ளிச் சத்துணவைப் பாருங்கள். காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவும் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் வந்துள்ளது. மதிய உணவில் முட்டை தரப்படுகிறது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. ஒரே வரிசையில் அமர்ந்து ஒருவன் முட்டையும் ஒருவன் பழமும் உண்கின்றனர். இதைவிடச் சிறந்த வகுப்பறை ஏது? பசித்த பிள்ளைக்குச் சோறு கிடைத்தது என்று முதலில் மகிழவும், தன் விலக்கைத் தான் காக்கவும் ஒருங்கே பழக அது இடம். பசியைப் போக்குவதும் கொல்லாமையின் ஒரு கூறே என்று பிள்ளைக்கு உணர்த்த வேண்டும்.

மாவினால் செய்த கோழி

பிறந்தநாளன்று பூனை, முயல், கரடி உருவில் இனிப்பப்பம் வரவழைத்துப் பிள்ளை கையில் கத்தியைக் கொடுத்து வெட்டச் சொல்லும் வழக்கம் நம் இல்லங்களிலும் புகுந்துவிட்டது. முட்டை சேராததாகத் தேடி வாங்கினோம் என்று பெற்றோர் நிறைவு கொள்கின்றனர். அவர்கள் யசோதர காவியத்தை ஒருமுறை நினைவுகூர வேண்டும்.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான அந்நூலின் கதை நம்மவர் அறிந்ததே. உயிர்ப்பலி கொடுக்க மறுத்த அரசன் யசோதரன், தாய் சந்திரமதியின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழி ஒன்றைத் தேவியின் முன் வெட்டினான். உயிர் ஒன்றும் போகவில்லை. எண்ணம் மட்டும் போயிற்று. அதன் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கி விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். இறுதியில் அபயருசி, அபயமதி என்னும் இளம் பிள்ளைகளாகப் பிறந்து, தம் கதையைக் கூறி மாரிதத்தன் என்னும் அரசனின் உயிர்ப்பலியை நிறுத்தினர். (பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அரசியைப் பற்றிய பகுதியை விட்டுவிடலாம், அது இல்லாமலும் கதை நிற்கும்.)

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இதனைக் கூறிவிட்டு, “மாவுக் கோழிக்கு வலிக்குமா? வலிக்காதெனில் குற்றம் எங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள். விடையை நீங்கள் கூறாதீர்கள். வகுப்பறையில் இவ்வினாவை எழுப்பினால் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். ‘கை பழகிவிடும்’ என்று எவரேனும் ஒரு பிள்ளை சொல்லும். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கலாம். அடுத்த பிறந்தநாளுக்கு எந்த உருவில் இனிப்பு வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

சிறு நியமம்

கிழங்கு வகைகளை விலக்கும் வழக்கத்தில் நம் இல்லங்கள் ஒரே நிலையில் இல்லை. மண்ணைக் கிளறி முழுச் செடியையும் அழித்தெடுப்பதாலும், ஒரு கிழங்கில் எண்ணிறந்த உயிர்கள் தங்கியிருப்பதாலும் விலக்குகிறோம். சின்ன வெங்காயச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊரில் வெங்காயமின்றிச் சமைப்பது எளிதன்றுதான். சிலர் முற்றும் விலக்குகின்றனர். சிலர் அட்டமி, சதுர்த்தசி நாட்களில் மட்டும் விலக்குகின்றனர். இத்தகைய இடத்தில் பிள்ளைக்கு எவ்வளவு விதிப்பது?

நம் நூல்கள் காலவரையறை உள்ள விலக்கை நியமம் என்றும், வாழ்நாள் முழுமைக்குமான விலக்கை யமம் என்றும் பிரித்தன. பிள்ளைக்கு உரியது நியமமே. பத்து நாள் நடைபெறும் தசலட்சண பர்வத்தில் கிழங்கு வேண்டாம் என்றோ, ஒரு நாள் இனிப்பு வேண்டாம் என்றோ, பிள்ளை தானே தேர்ந்து, தன் வாயால் சொல்லி மேற்கொள்ளட்டும். கதிரசாரன் என்னும் வேடனின் கதையைச் சொல்லுங்கள். ஊனை விடவே இயலாது என்றவனிடம், முனிவர் காக்கை ஊனையாவது விடுக என்றார். அவன் ஒப்பினான். பின்னர் நோயுற்றபோது மருத்துவர் காக்கை ஊனையே மருந்தாகக் கூறியும் அவன் உண்ண மறுத்து உயிர் நீத்தான். அவனே பின்னொரு பிறவியில் மகாவீரர் திருவடியில் அறம் கேட்ட சிரேணிக மன்னனானான். எவ்வளவு சிறியதை விட்டான் என்பதை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் செய்ய வேண்டுவது ஒன்றே: பிள்ளை ஏற்ற நியமத்தை, பாட்டி வீட்டுத் திருமணத்திற்காகவோ விருந்தினர் முன்னிலையிலோ ‘இன்று ஒரு நாள் பரவாயில்லை’ என்று நாமே முறிக்காதிருத்தல்.

வயிறு நிறையச் சற்றுக் குறைவாக உண்பதையும் நம் நூல்கள் புறத்தவங்களுள் ஒன்றாக எண்ணின. சிறு பிள்ளையிடம் தவம் என்று சொல்ல வேண்டாம். முதலில் சிறிது இட்டுக்கொள், வேண்டுமெனில் மீண்டும் கேள் என்று பழக்கினால் இலையில் மிச்சம் வாராது. விடுமுறையில் ஒருநாள் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு அழைத்துச் சென்று, தக்காளியும் முருங்கையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதையும், அவற்றைச் சுமப்பவர் தோள்களையும் காட்டினால், மிச்சம் வைப்பது குறித்து வீட்டில் பேச வேண்டிய தேவை குறையும்.

ஈவதற்கும் அறிவு வேண்டும்

அட்சய திருதியை என்றதும் இக்காலப் பிள்ளைகளின் நினைவில் எழுவது நகைக்கடை வாயிலில் நிற்கும் கூட்டம். அந்நாளின் உண்மை வரலாற்றை நம் பிள்ளைகளேனும் அறிய வேண்டும். துறவு பூண்ட ஆதிபகவன் உணவு ஏற்கும் பொருட்டு ஊர்தோறும் நடந்தார். துறவிக்கு உணவளிக்கும் முறையை அறியாத மக்கள் யானையையும் மணியையும் பொன்னையும் கொணர்ந்து நிறுத்தினர். சோற்றை ஒருவரும் கொணரவில்லை. பல திங்கள் கழிந்தபின் அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் முற்பிறப்பின் நினைவால் முறையறிந்து கருப்பஞ்சாற்றை ஏந்தினான். அந்நாளே அட்சய திருதியை. பொன் கொடுத்தவர்கள் நல்லவர்களே. ஆயினும் எதிரே நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் பார்க்கவில்லை. அன்று வீட்டில் கருப்பஞ்சாறு பிழிவித்து, வீட்டுப் பணியாளர்க்கும் தெருவில் குப்பை அள்ளுவோர்க்கும் பிள்ளைகளின் கையால் முதலில் கொடுக்கச் செய்து, பின்னர் வீட்டார் பருகலாம்.

இவ்வறத்தின் சுவடு நம் மாவட்டத்திலேயே கல்லில் இருக்கிறது. பழனிக்கு மேற்கே, கொழுமம் செல்லும் வழியில், பாப்பம்பட்டிக்கு அருகே நிற்பது ஐவர்மலை. பழம்பெயர் அயிரைமலை. அதன் நீண்ட இயற்கைக் குகைத்தளத்தின் மேற்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பதினாறு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 792-ஐச் சேர்ந்தது. கிறித்து ஆண்டு 870. பாண்டியன் இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு அது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், அங்கிருந்த பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, 505 காணம் பொன்னை வைத்தார் என்று அது கூறுகிறது. எதற்கு? இரண்டுக்கும் தடையில்லாத திருவமுதுக்கும், ஓர் அடிகளுக்குச் சோற்றுக்கும். வரலாற்று ஆசிரியர்கள் வரகுணன் முடிசூடிய ஆண்டைக் கணக்கிட இக்கல்வெட்டைப் பயன்படுத்துகின்றனர். நம் பிள்ளைகள் அதில் படிக்க வேண்டியது அந்த ஒருவர் சோற்றை. அக்கால வழக்கப்படி முதலைத் தொடாமல் அதன் வருவாயிலிருந்து, நாள் தவறாமல் ஒருவர் உண்ணும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

பள்ளி விடுமுறையில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து அங்கே சென்று வரலாம். புறப்படுமுன் வடித்த நீரும், எலுமிச்சைச் சோறும், தயிர்ச் சோறும், சிறுமலை வாழைப்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் உண்ணும் அளவுக்கு மேல் இருவர்க்கான உணவு கூடுதலாக இருக்கட்டும், மலையடியில் பசித்தவர் எவரேனும் இருப்பர். மேலேறித் திருவுருவங்களை வணங்கியபின், கல்வெட்டு இருக்கும் இடத்தில் பிள்ளைகளை அமர்த்தி அதன் பொருளைக் கூறுங்கள். ஓர் அடிகளுக்கு ஆண்டு முழுதும் சோறிட இன்றைய விலையில் அரிசி, பருப்பு, நெய், விறகு ஆகியவற்றுக்கு என்ன ஆகும் என்று மூத்த பிள்ளைகள் கணக்கிடட்டும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்றால் பிற்பகல் 3 மணிக்கெல்லாம் மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும். திண்டுக்கல் வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். வழியிலேயே ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, 5 மணிக்குள் மாலை உணவை முடித்துக்கொள்வது நலம்.